அந்த வாரத்துக் கோபம் யாருடையது?

மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களில் எரிச்சலும் அழுகையும் கூடிவிடுகின்றன என்றும், அந்த நாட்களில் எதைப் பற்றிக் குரலை உயர்த்தினாலும் "நாள் நெருங்கிவிட்டது, அதனால்தான்" என்று கணவர் பேச்சை முடித்துவிடுகிறார் என்றும், தோழியோ இதெல்லாம் பெண்களை அடக்கி வைக்கச் சமூகம் கட்டிய கதை என்கிறார் என்றும் எழுதி, இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளை அந்த வாரத்தில் எடுக்கலாமா என்பது உங்கள் துணைக் கேள்வி. ஹார்மோனா, சமூகமா என்ற வடிவத்தில் கேள்வி வந்திருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று என்றே எனக்குப் படுகிறது: அந்த வாரத்தில் எனக்கு வரும் கோபம் என்னுடையதுதானா, அதை நானும் பிறரும் பொருட்படுத்த வேண்டுமா? முதல் கேள்வி பொதுவாகப் பெண் உடலைப் பற்றியது. அதற்கு அறிவியல் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கிறது. இரண்டாவது உங்களைப் பற்றியது. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவதன் மேல் போட்டு மூடிவிடுவதுதான் உங்கள் வீட்டில் நடப்பது. மருத்துவ வரலாற்றிலும் அதுவே பலமுறை நடந்திருக்கிறது.

நான் மனநல மருத்துவர். மகளிர் நல மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மாதச் சுழற்சியோடு சேர்ந்து வரும் மனநிலை மாற்றங்கள் என் அன்றாட வேலையின் ஒரு பகுதி. உடலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கீழே நான் சொல்வது பயிற்சியிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் வருவது. பல்வேறு சமூகங்களின் வழக்கங்களைப் பற்றிச் சொல்வது வாசிப்பிலிருந்து மட்டுமே வருவது. நான் மானுடவியலாளர் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படியுங்கள். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். ரத்தப்போக்கின் முதல் நாளைச் சுழற்சியின் முதல் நாளாகக் கணக்கிடுகிறோம். வளர்ந்த பெண்களுக்கு ஒரு சுழற்சி 21 முதல் 35 நாட்கள் வரை நீளலாம். இருபத்தெட்டு என்பது வசதிக்காகச் சொல்லும் எண். முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படிப்படியாக உயர்ந்து, சினைமுட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன் உச்சத்தைத் தொடுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கரு உருவாகாவிட்டால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அந்தத் திரள் சுருங்கிப்போகும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சரியும். கருப்பையின் உட்படலம் உதிரும். நீங்கள் குறிப்பிடும் ஐந்தாறு நாட்கள் இந்தச் சரிவின் நாட்கள். இந்த ஹார்மோன்கள் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை, மூளைக்கும் செல்கின்றன. புரோஜெஸ்டிரோன் உடைந்து உருவாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற அமைப்பின் ஏற்பிகளில் நேரடியாக வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜனோ மனநிலையில் பங்குள்ள செரோட்டோனின் அமைப்போடு தொடர்புடையது. ஆகவே சுழற்சிக்கும் மனநிலைக்கும் தொடர்பே இருக்க முடியாது என்று உங்கள் தோழி சொல்வாரானால், உடற்கூறு அவருக்குத் துணை நிற்காது.

ஆனால் "ஹார்மோன் கூடிவிட்டது, அதனால் கோபம்" என்ற எளிய கணக்கும் தவறு என்பது நன்றாகவே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 1931இல் நியூயார்க் மகளிர் நல மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கத்தை முதன்முதலில் மருத்துவ இதழில் விவரித்தபோது, ஈஸ்ட்ரோஜன் மிகுதியே காரணம் என்று எண்ணினார். கடுமையான துன்பம் இருந்த சிலருக்குச் சினைப்பைகளின் மீது கதிர்வீச்சு செலுத்தும் அளவுக்கு அந்த எண்ணம் அவரைக் கொண்டுசென்றது. பிற்பாடு ரத்தத்தில் ஹார்மோன் அளவுகளை நுட்பமாக அளக்க முடிந்தபோது, கடும் துன்பம் உள்ள பெண்களுக்கும் துன்பமே இல்லாத பெண்களுக்கும் அந்த அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1998இல் பீட்டர் ஷ்மிட்டும் அவரோடு அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். சினைப்பையின் சுரப்பை மருந்தால் நிறுத்தினார்கள். மாதாமாதம் துன்பப்பட்ட பெண்களில் பலருக்கு அறிகுறிகள் அடங்கின. பிறகு அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ வழக்கமான அளவில் திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகள் மீண்டும் வந்தன. அதே ஹார்மோன்களை, அதே முறையில், துன்ப வரலாறு இல்லாத பெண்களுக்குக் கொடுத்தபோது அவர்களுடைய மனநிலை அசையவே இல்லை. இதே குழு 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ஹார்மோனைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் முதல் மாதத்தில் மட்டும் அறிகுறிகள் எழுந்து, அளவு நிலைபெற்ற அடுத்த மாதங்களில் அடங்கிவிடுவதைக் காட்டியது. அதாவது ஹார்மோனின் அளவைவிட, அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஒருவருடைய மூளை எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பதே முக்கியம். அந்த எதிர்வினை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல. "பெண்கள் என்றாலே இப்படித்தான்" என்ற வாக்கியத்துக்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை.

எத்தனை பேருக்கு இது தொல்லையாகிறது என்று கேட்டால் இங்கிருந்து நிலம் கொஞ்சம் நெகிழத் தொடங்குகிறது. வீக்கம், மார்பு வலி, சோர்வு போன்ற லேசான மாற்றங்களைப் பெரும்பாலான பெண்கள் ஏதோ ஒரு மாதத்திலாவது உணர்கிறார்கள். அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் கடுமையான வடிவத்தை மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு, ஆங்கிலச் சுருக்கத்தில் பிஎம்டிடி (PMDD), என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதை மனச்சோர்வு நோய்களின் வரிசையில் முழு நோயாகச் சேர்த்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அது மேலும் ஆராயப்பட வேண்டியவற்றுக்கான பின்னிணைப்பில் மட்டுமே இருந்தது. நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பெண்களுக்கு இது இருக்கலாம் என்று பாடநூல்களில் நெடுங்காலமாக எழுதி வந்தோம். நினைவிலிருந்து சொல்வதை ஏற்காமல் தினக்குறிப்பு வைத்து உறுதி செய்த ஆய்வுகளில் அந்த எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது. இதற்கும் சாதாரண மனநிலைக்கும் நடுவே உள்ள பரந்த வெளியில்தான் குழப்பம் அதிகம். நாள்தோறும் மனநிலையைப் பதிவு செய்த 47 ஆய்வுகளை சாரா ரோமன்ஸ் என்ற மனநல மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மாதவிடாய்க்கு முன் மட்டும் மனம் கெட்டு மற்ற நாட்களில் சீராக இருக்கும் அந்தப் புகழ்பெற்ற வடிவம் ஏழே ஆய்வுகளில்தான் தென்பட்டது. 18 ஆய்வுகளில் சுழற்சிக்கும் மனநிலைக்கும் தொடர்பே தெரியவில்லை. இன்னொரு 18 ஆய்வுகளில் முந்தைய நாட்களோடு ரத்தப்போக்கு நாட்கள் போன்ற வேறு கட்டமும் சேர்ந்து மோசமாக இருந்தது. ஆய்வு முறைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்பதால் இதை வைத்துத் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கோடு இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

வலியையும் மறந்துவிடக் கூடாது. மனநிலையைப் பற்றிய விவாதங்களில் அது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. உட்படலம் உதிரும்போது வெளிப்படும் புரோஸ்டாகிளான்டின்கள் என்ற வேதிப்பொருட்கள் கருப்பைத் தசையை இறுக்குகின்றன. அடிவயிற்று வலி, குமட்டல், வயிற்றுப்போக்கு எல்லாம் அவற்றின் வேலை. இரவு வலியால் தூங்காத ஒருவர் காலையில் சிடுசிடுப்பதற்கு மூளை வேதியியலில் விளக்கம் தேட வேண்டியதில்லை. அதிக ரத்தப்போக்கால் இரும்புச்சத்துக் குறைந்து மாதம் முழுவதும் களைப்போடு இருப்பவர்களும் உண்டு. இவை இரண்டுக்கும் எளிய சிகிச்சை இருக்கிறது. "அந்த நாட்களில் அப்படித்தான் இருக்கும்" என்ற ஆறுதல் மொழியால் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை இன்றிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை எழுதும்போது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

இனி தோழியின் பக்கத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. மாதவிடாயைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றில், எதிர்பார்த்ததையே கண்டுபிடித்த கதைகள் ஏராளம். முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி, மாதவிடாயில் இருக்கும் பெண் அருகே வந்தால் புதிய திராட்சை ரசம் புளித்துப்போகும், கண்ணாடி மங்கும், தேனீக்கள் சாகும் என்று எழுதினார். பழங்காலத்து மூடநம்பிக்கை என்று அதைக் கடந்துவிடலாம். ஆனால் 1920இல், தொண்டை அடைப்பான் நோய்க்கான தோல் சோதனையை உருவாக்கிய பெலா ஷிக் என்ற சிறந்த குழந்தை மருத்துவர், மாதவிடாயில் இருந்த பணிப்பெண்ணின் கையில் கொடுத்த பூக்கள் விரைவில் வாடியதைக் கண்டு, அந்த நாட்களில் பெண் உடலில் ஒரு நஞ்சு சுரக்கிறது என்று கட்டுரை வெளியிட்டார். அந்த நஞ்சைத் தேடும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. மாதவிடாய் ரத்தத்தைச் செலுத்திய விலங்குகள் இறந்தது சான்றாகக் காட்டப்பட்டது. அந்த மரணங்களுக்குக் காரணம் மாதிரியில் கலந்திருந்த பாக்டீரியாக்களே என்பதையும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் விலங்குகள் பிழைத்துக்கொள்கின்றன என்பதையும் 1953இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் காட்டினார். ஷிக் கவனமான விஞ்ஞானி, கெட்ட எண்ணம் உள்ளவரும் அல்லர். அவர் வளர்ந்த உலகம் அவருக்கு ஏற்கனவே ஒரு விடையைக் கொடுத்திருந்தது. அவர் அதற்கு ஆய்வுக்கூடத்தின் மொழியைக் கொடுத்தார்.

பெண்களின் அறிவுத்திறன் பற்றிய வாதமும் இதே வழியில் சென்றது. 1873இல் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க், உயர்கல்வியின் உழைப்பு பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளைப் பாழாக்கும், மாதவிடாய் நாட்களில் அவர்களுக்கு மூளை ஓய்வு தேவை என்று எழுதினார். மேரி பட்னம் ஜாகோபி என்ற மருத்துவர் பெண்களிடமிருந்து தகவல் திரட்டி, நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் சுழற்சி முழுக்க அளந்து, அப்படிப்பட்ட கட்டாய ஓய்வுக்குத் தேவை இல்லை என்று காட்டினார். அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசே கிடைத்தது. 1914இல் உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் 23 பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கைத்திறன், மனத்திறன் சோதனைகள் வைத்து, மாதவிடாய் நாட்களில் திறன் சரியும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று கண்டார். அதன் பின் நூறாண்டுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும், சுழற்சியின் கட்டத்தைப் பொறுத்துச் சிந்திக்கும் திறன் சீராக ஏறி இறங்குகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. மனநிலை, சிந்தனைத்திறன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எரிச்சலாக இருக்கும் ஒருவர் தவறாகத்தான் கணக்கிடுவார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் உணர்வையே மாற்றும் என்பதற்கு இரண்டு ஆய்வுகளை அடிக்கடி மேற்கோள் காட்டுவேன். 1977இல் டயான் ரூபிள் என்ற உளவியலாளர், அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்பதைப் புதிய கருவியால் கணிக்க முடியும் என்று மாணவிகளிடம் சொன்னார். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நாட்கள் மீதம் இருந்தும், சிலரிடம் ஓரிரு நாட்களில் வந்துவிடும் என்றும், வேறு சிலரிடம் இன்னும் நாள் இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. நெருங்கிவிட்டது என்று நம்பவைக்கப்பட்டவர்கள் உடல் வீக்கம், வலி போன்றவற்றைக் கூடுதலாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டப்பட்ட இடத்தில் உடலை உற்றுக் கவனித்தார்கள். இரண்டாவது, ஜெசிகா மெக்ஃபார்லேனும் உடனிருந்தவர்களும் கனடாவில் நடத்தி 1988இல் வெளியிட்டது. ஆண்களும் பெண்களும் எழுபது நாட்கள் தினமும் மனநிலையைக் குறித்தார்கள். ஆய்வின் நோக்கம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பெண்களின் மனநிலை ஆண்களுடையதைவிட அதிகம் ஊசலாடவில்லை. மாதச் சுழற்சியைவிட வாரத்தின் கிழமைகளோடு அது கூடுதலாக மாறியது. முடிவில் நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோதோ, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் தாங்களே அன்றன்று குறித்ததைவிட மோசமாக இருந்ததாக அதே பெண்கள் சொன்னார்கள். நினைவு பண்பாட்டின் வார்ப்பில் ஊற்றப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் முழுதும் கட்டுக்கதைதானா? இல்லை, இங்கேதான் தோழியோடு நான் பிரிகிறேன். ரூபிளின் ஆய்வு சாதாரண மாணவிகளைப் பற்றியது. ஷ்மிட்டின் ஆய்வு மாதாமாதம் வாழ்க்கை நொறுங்கிப்போன பெண்களைப் பற்றியது. ஒன்று உண்மை என்பதால் மற்றது பொய்யாகாது. எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்தாலும், எந்த மாதம் எந்த மருந்து கொடுக்கப்படுகிறது என்றே தெரியாத நிலையில் அறிகுறிகள் அடங்குவதையும் திரும்புவதையும் அது விளக்காது. பண்பாடுகளும் இந்த உடல் நிகழ்வை எத்தனையோ விதமாகப் பொருள்கொண்டிருக்கின்றன. ஐவரி கோஸ்ட்டின் பெங் மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த ஆல்மா காட்லீப், அங்கே மாதவிடாயில் இருக்கும் பெண் காட்டுக்கும் வயலுக்கும் செல்லத் தடை இருந்தாலும், அந்த ரத்தம் அசுத்தமாகக் கருதப்படவில்லை, மரத்தில் காய்க்கு முன் வரும் பூவைப் போன்ற வளத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது என்று எழுதியிருக்கிறார். வட கலிஃபோர்னியாவின் யுரோக் மக்களைப் பற்றி எழுதிய தாமஸ் பக்லி, அந்த நாட்களில் பெண் தனித்திருப்பதை அவளுடைய ஆற்றல் உச்சத்தில் இருக்கும் காலமாக, தன்னை உள்நோக்கும் காலமாக அந்த மரபு பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒதுக்கிவைப்பதாகவே தெரியும். உள்ளே இருப்பவர் உணரும் பொருள் வேறு. அதே தனிமை வேறோர் இடத்தில் குளிரிலும் இருட்டிலும் பூட்டப்பட்ட தண்டனையாக இருக்கலாம். நேபாளத்தில் மாதவிடாய்க் குடிசைகளில் பெண்கள் இறந்ததும், 2017இல் அந்த வழக்கம் குற்றமாக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. கருப்பையின் வலி எங்கும் வலிதான். அந்த வலியோடு வரும் மனநிலையை வெட்கம், அச்சம், ஓய்வு, பெருமை என்று எதனோடு சேர்த்து உணர்கிறோம் என்பதில் சமூகத்தின் கை மிகப் பெரியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும், பலரும் நம்புவதால், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றாக வாழும் பெண்களின் மாதவிடாய் ஒரே நாளுக்கு வந்து சேரும் என்ற கருத்து 1971இல் மார்த்தா மெக்ளிண்டாக் 135 கல்லூரி மாணவிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. பிற்காலத்தில் அதன் கணக்கிடும் முறையில் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டன. சீனாவில் 186 பெண்களைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. வெவ்வேறு நீளமுள்ள சுழற்சிகள் அவ்வப்போது தற்செயலாகச் சந்திக்கவே செய்யும்.

இப்போது உங்கள் கணவரின் வாக்கியத்துக்கு வருவோம். அதன் சிக்கல் அறிவியலில் மட்டும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில், மாதவிடாய்க்கு முந்தைய நிலையை முன்வைத்து, கொலைக் குற்றச்சாட்டுகள் பொறுப்புக் குறைந்த நிலை என்ற அடிப்படையில் குறைக்கப்பட்டன. மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறிகளின் தொகுப்புக்கு பிஎம்எஸ் (PMS) என்ற பெயரை 1953இல் ரேமண்ட் கிரீனோடு சேர்ந்து வழங்கிய கேத்தரினா டால்டன் அங்கே மருத்துவச் சாட்சி சொன்னார். துன்பப்படும் பெண்களுக்காக வாழ்நாள் முழுதும் பேசியவர் அவர். ஆனால் ஒரு பெண்ணின் செயலுக்கு அவளுடைய சுழற்சியே காரணம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அவளுடைய சொல்லுக்கும் முடிவுக்கும் கோபத்துக்கும் அதே காரணத்தைச் சொல்லி எவரும் ஒதுக்கலாம் என்ற கவலை அப்போதே எழுந்தது. அது நியாயமான கவலை. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜேன் அஷர் பல ஆண்டுகள் பெண்களின் பேச்சைக் கேட்டு எழுதியிருப்பதன் சாரம் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது: மாதத்தில் மூன்று வாரம் விழுங்கிக்கொண்ட குறைகள் நான்காவது வாரத்தில் வெளியே வருகின்றன, துணைவர் காதுகொடுத்துக் கேட்கும் உறவுகளில் அந்தத் துன்பத்தின் கடுமை குறைகிறது. தோல் உரிந்த இடத்தில் விரல் பட்டால் கூடுதலாக வலிக்கும். அதனால் விரல் படவே இல்லை என்று ஆகிவிடாது. உடல் தாங்கும் வரம்பைத் தாழ்த்துகிறது. குறையை உண்டாக்குவது பெரும்பாலும் வேறொன்று.

உங்கள் நிலையில் எது எவ்வளவு என்பதை அறிய ஒரே நம்பகமான வழி, குறைந்தது இரண்டு முழுச் சுழற்சிகளுக்கு நாள்தோறும் எழுதிவைப்பதுதான். பிஎம்டிடி என்று உறுதி செய்ய நாங்களும் அதையே கேட்கிறோம். நினைவிலிருந்து சொல்வது போதாது. ஒரு கோடு போட்ட தாள் போதும்: தேதி, சுழற்சியின் எத்தனையாவது நாள், எரிச்சல், சோர்வு, பதற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை ஒரு எண், தூங்கிய மணி, வலி, கடைசியில் அன்று என்ன நடந்தது என்று ஒரே வரி. இரவு படுக்குமுன் எழுதிவிட்டு முந்தைய பக்கத்தைப் புரட்டாமல் மூடிவிட வேண்டும். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: தனக்குக் கடுமையான பிஎம்எஸ் என்று வந்த ஒருவருடைய தாளில், எரிச்சலின் எண் சுழற்சியின் கடைசி நான்கு நாட்களில் நான்கு, ஐந்து என்று ஏறியிருந்தது. ரத்தப்போக்கு தொடங்கிய இரண்டாம் நாள் ஒன்றுக்கு இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒன்பதாம் நாளும், பதினாறாம் நாளும், இருபத்து மூன்றாம் நாளும் ஐந்து என்றே எழுதியிருந்தார். மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். கடைசி வரிகளைப் படித்தால், மூன்று ஞாயிறுகளிலும் மாமியார் வீட்டார் வந்திருக்கிறார்கள், சமையலும் பாத்திரமும் இவர் ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. சுழற்சியும் இருந்தது, ஞாயிறும் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு சுழற்சியின் கடைசி நாட்களில் வந்தது; இரண்டும் சந்தித்த அந்த நாளில்தான் வீட்டில் பெரிய சண்டை. முதலாவதற்கு மருத்துவம் உண்டு. இரண்டாவதற்கு வேலைப் பங்கீடு தேவைப்பட்டது.

தாளில் மூன்று வகையான கோடுகள் வரக்கூடும். சினைமுட்டை வெளிப்பட்ட பின் ஏறி, ரத்தப்போக்கு தொடங்கிச் சில நாட்களில் முழுவதும் அடங்கி, அடுத்த ஒரு வாரமாவது தெளிவாக இருந்தால், அது சுழற்சியோடு கட்டுண்ட துன்பம். மாதம் முழுவதும் சோர்வு இருந்து கடைசி வாரத்தில் மோசமாகிறது என்றால், அடியில் மனச்சோர்வு நோயோ பதற்ற நோயோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இதை பிஎம்டிடி என்று எண்ணி மாதத்தில் பாதி நாள் மட்டும் சிகிச்சை கொடுத்தால் அது தோற்றுப்போகும். ஏற்ற இறக்கத்துக்கும் சுழற்சிக்கும் தொடர்பே தெரியாவிட்டால், விடையைக் கடைசி வரிகளில் தேட வேண்டும். நாற்பதை ஒட்டிய வயதில் சுழற்சியே ஒழுங்கு தவறத் தொடங்கும்போது இந்தக் கோடுகளைப் படிப்பது கடினம். அப்போது தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

சிகிச்சை உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செரோட்டோனின் அமைப்பில் வேலை செய்யும் மாத்திரைகள் மனச்சோர்வு நோயில் பலன்தர வாரக்கணக்கில் ஆகும். கடுமையான மாதாந்திரத் துன்பத்தில் சில நாட்களிலேயே பலன் தெரிகிறது, சுழற்சியின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. சினைமுட்டை வெளிப்படுவதை நிறுத்தும் சில வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன. சிலருக்கு மனநிலையை மோசமாக்குவதும் உண்டு. டால்டன் ஆர்வத்தோடு பரிந்துரைத்த புரோஜெஸ்டிரோன் சிகிச்சை, 1990இல் வெளியான பெரிய ஒப்பீட்டுச் சோதனையில் மருந்துப் பொருளே இல்லாத வெற்று மருந்தைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை. கால்சியம் ஓரளவு பயன் தருவதாக 1998இல் ஒரு நல்ல சோதனை காட்டியது. அதே சோதனையில் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் அறிகுறிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே யாராவது ஒரு மூலிகையாலோ விட்டமினாலோ தனக்குக் குணமானது என்று சொன்னால் அவரை மறுக்க வேண்டாம், அதை எல்லோருக்குமான சான்றாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமோ, உங்களையோ பிள்ளைகளையோ காயப்படுத்திவிடுவோம் என்ற அச்சமோ வந்தால் இரண்டு மாதத் தாள் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பிஎம்டிடி உள்ளவர்களிடையே தற்கொலை எண்ணம் கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை.

கடைசியாக, முடிவுகள் பற்றிய உங்கள் கேள்வி. உங்கள் அறிவு அந்த வாரத்தில் குறைந்துவிடுவதில்லை. அதனால் முடிவெடுக்கும் உரிமையை மாதத்தில் ஒரு வாரம் அடகு வைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் இருண்டு தெரியும் நாளில், திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்யாமல் இருப்பது யாருக்கும் நல்லது. ஆணுக்கும் அது பொருந்தும். வேலையை விட வேண்டும் என்று தோன்றினால், ஏன் என்ற காரணங்களை அன்றைக்கே, தோன்றும் வேகத்திலேயே எழுதிவையுங்கள். ரத்தப்போக்கு தொடங்கி எட்டு நாள் ஆன பிறகு அதை எடுத்துப் படியுங்கள். சில வரிகள் அன்றைய களைப்பில் எழுதியவை என்று உங்களுக்கே தெரியும், அடித்துவிடுங்கள். அடிக்க முடியாமல் நிற்பவை உங்களுடைய காரணங்கள், அவை எந்த நாளில் எழுதப்பட்டவையாக இருந்தாலும். கணவரோடு பேச வேண்டியதையும் அதே எட்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளை மேசை மேல் வைத்து, கடைசி வரிகளை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.